பெயர்த்தி

கும்பகோணத்திலிருந்து திருவாரூர் செல்லும் சாலையில் உள்ளது நாச்சியார்கோயில். இறைவியின் பெயராலேயே வழங்கும் ஊர் அது. மேதாவி முனிவர் தம் மகளைத் திருமாலுக்கு மணம் முடித்துத் தந்தபோது, எல்லாவற்றிலும் அவளுக்கே முதன்மை வேண்டும் என்று கேட்டுப் பெற்றார் என்கிறது தலபுராணம். வீதியுலாவில் நாச்சியார் அன்னத்தின்மீது அமர்ந்து முன்னே செல்வார். பெருமாள் கல்கருடன்மீது பின்னே வருவார். கருடன் அன்னத்தை முந்திவிடாதிருக்க, அதன் எடை அடிக்கு அடி கூடிக்கொண்டே போகும் என்பது ஊரார் நம்பிக்கை.

அவ்வூருக்கு வாய்த்த மற்றொரு பெருமை குத்துவிளக்கு. புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில் அது. அடிப்பாகம், தண்டு, தட்டு, உச்சியில் நிற்கும் அன்னம் என ஒவ்வோர் உறுப்பையும் மண் அச்சில் தனித்தனியே வார்த்தெடுத்து, கடைந்து, மெருகேற்றி, மரையிட்டுப் பொருத்துவார்கள். அங்குள்ள ஒரு பட்டறையில் வார்க்கும் விளக்குகளின் அடிப்பாகத்தைக் கவிழ்த்துப் பார்த்தால், உட்புறத்தில் ‘மா’ என்னும் ஓரெழுத்து உளியால் பொறிக்கப்பட்டிருக்கும். விளக்கை ஏற்றுபவர் கண்ணுக்கு அது தெரியாது. செய்தவர் யார் என்பதற்கு அதுவே சான்று.

‘மா’ என்பது மாணிக்கம் என்னும் பெயரின் முதலெழுத்து. பட்டறையைத் தொடங்கியவர் பெயர் அது. அவருடைய பேரனும் மாணிக்கம்தான். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறையாக, தலைமகனின் தலைமகனுக்கு அப்பெயரைச் சூட்டுவது அக்குடும்பத்தின் வழக்கம். தமிழர் பலரிடம் உள்ள வழக்கமும் அதுவே. இன்று வழங்கும் பேரன், பேத்தி என்னும் சொற்கள் பெயரன், பெயர்த்தி என்பவற்றின் மரூஉ வடிவங்கள். பாட்டனின் பெயரைச் சூடியவன் பெயரன். மறைந்தவரின் பெயர் வீட்டில் மீண்டும் ஒலிக்க வேண்டும் என்னும் விருப்பமே உறவுப்பெயராக மொழியில் நிலைத்துவிட்டது.

இரண்டாம் மாணிக்கம் காலமானபோது அவருடைய மருமகள் ஆறு மாதக் கருவுற்றிருந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொல்லிச் சென்றனர்: “கவலைப்படாதீர்கள், பெரியவரே பேரனாகப் பிறந்து வரப்போகிறார்.” மூன்று மாதங்கள் கழித்துப் பிறந்தது பெண் குழந்தை. பேறு கடினமாக இருந்தது. இனியொரு மகப்பேற்றைத் தாயின் உடல் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வாழ்த்தச் சென்றவர்கள் குழந்தையைப் பார்த்து மகிழ்ந்தாலும், திரும்பும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டனர். ஒரு பெயர் அந்த வீட்டில் முடிந்துபோனதாக எல்லாரும் எண்ணினர்.

குழந்தையின் தந்தை அவ்வாறு எண்ணவில்லை. “என் மகளுக்கு அப்பாவின் பெயரை வைக்கப்போகிறேன்” என்றார். “மாணிக்கவல்லி என்றா?” என்று உறவினர் கேட்டனர். “இல்லை, மாணிக்கம்.”

முதல் மறுப்பு மறைந்தவரின் தம்பியிடமிருந்து வந்தது. அண்ணனிடமே தொழில் கற்று, அவரோடு ஐம்பது ஆண்டுகள் உலையின் முன் நின்றவர் அவர். “பெண்ணுக்கு ஆண் பெயரை வைத்தால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்வார்கள். நாளைக்கு அவளுக்குத் திருமணமானால் அண்ணன் பெயர் வேறு வீட்டுக்குப் போய்விடும். மாணிக்கவல்லி என்றோ மாணிக்கம்மாள் என்றோ வைத்துவிட்டுப் போ. இரண்டுக்கும் பொதுவாக இருக்கும்” என்றார். அவர் சொன்னதில் பகையில்லை. பழக்கமில்லாத ஒன்றைக் குழந்தையின் தலையில் ஏற்றுகிறோமோ என்னும் அச்சமே இருந்தது.

அவர் காட்டிய வழியும் ஊருக்குப் புதிதன்று. முனியன் என்னும் பாட்டனின் பெயர் பேத்திக்கு முனியம்மாள் ஆகும். கருப்பன் கருப்பாயி ஆகும். பழனிச்சாமி பழனியம்மாள் ஆகும். அப்போதும் குழந்தைக்குக் கிடைப்பது பாட்டனின் பெயரன்று, அதன் சாயல்தான்.

இளங்கலையில் தமிழ் பயின்ற மருமகள் தொட்டிலருகில் இருந்தபடியே மறுமொழி கூறினார். “மாமா, சாத்தன் என்பது ஆணின் பெயர், சாத்தி என்பது பெண்ணின் பெயர் என்று இலக்கணம் பிரிக்கிறது. மாணிக்கம் என்பதில் அப்படி ஆண்பால் விகுதி ஏதுமில்லை. அது ஒரு மணியின் பெயர். அஃறிணைச் சொல். உவமையால் மனிதருக்கு ஆகி வந்தது. மாணிக்கம் வந்தான் என்றாலும் பிழையில்லை, மாணிக்கம் வந்தாள் என்றாலும் பிழையில்லை. அதை ஆண் பெயராக்கியது இலக்கணமில்லை, வழக்கம்தான்.”

அவர் கூறியதற்குத் தமிழில் சான்று உண்டு. இருபாலுக்கும் ஒத்து வரும் இயற்பெயருக்குத் தொல்காப்பிய உரையாசிரியர்கள் ‘கோதை’ என்னும் பெயரை எடுத்துக்காட்டுவர். கோதை வந்தான், கோதை வந்தாள் என இரண்டும் பொருந்தும் என்பர். சேர மன்னர் பெயர்களில் கோதை இருந்தது. கோக்கோதை மார்பன், மாக்கோதை என்னும் பெயர்கள் புறநானூற்றின்வழி அறியப்படுபவை. ஆண்டாளின் இயற்பெயரும் கோதையே. அரசனின் பெயராக வழங்கிய சொல் ஆண்டாளிடம் வந்தபின் முழுவதும் பெண்பெயராகவே நிலைத்துவிட்டது. இன்று அப்பெயரைக் கேட்பவர் எவரும் சேர மன்னனை நினைப்பதில்லை.

பெண்ணொருத்தி ஆணின் பெயரைச் சுமப்பதும் புதிதன்று. சோழர் குடிக்குரிய பெயர் செம்பியன். கண்டராதித்த சோழரின் தேவியார் செம்பியன் மாதேவி என்றே வரலாற்றில் நிலைபெற்றார். ஆனால் அப்பெயர் அவருக்கு மணத்தால் வந்தது. இன்றும் பெண்ணின் பெயருக்கு முன்னே தந்தையின் முதலெழுத்து நிற்கிறது. மணமானபின் பலருக்குக் கணவரின் முதலெழுத்து அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி என்று சொல்வதற்காக ஆணின் பெயரை அவள் வாழ்நாள் முழுவதும் சுமக்கலாம். அதில் எவருக்கும் வியப்பில்லை. அதே பெயரைத் தனக்கே உரியதாகச் சூடிக்கொள்ளும்போதுதான் வியப்பும் மறுப்பும் எழுகின்றன.

சொத்தில் இக்கேள்விக்குச் சட்டம் விடை கூறிவிட்டது. இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்குரிமையை மணமாகாத மகளுக்கு 1989 ஆம் ஆண்டின் திருத்தத்தால் தமிழ்நாடு வழங்கியது. 2005 இல் வந்த நடுவணரசுத் திருத்தம் அவ்வுரிமையை நாடெங்கும் மகள்கள் அனைவருக்கும் உரியதாக்கியது. பட்டறையும் உலையும் அச்சுகளும் அந்தக் குழந்தைக்கு உரியவை என்பதில் அவ்வீட்டில் ஒருவருக்கும் ஐயமில்லை. பெயர் மட்டுமே வாசலில் நின்றது.

பேச்சு நீண்டது. பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்தாயிற்று. பெயருக்குரிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம் என்று விதி இருப்பதால் அவசரமில்லை என்று எல்லாரும் ஒதுங்கிக்கொண்டனர். வீட்டில் குழந்தையைப் பாப்பா என்றே அழைத்தனர்.

இறுதியில் தம்பியார் ஒரு கேள்வி கேட்டார். அதற்கு எவரிடமும் மறுமொழி இல்லை. “அண்ணி இந்தப் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவார்?”

கணவர் பெயரை மனைவி சொல்லாதது அத்தலைமுறையின் வழக்கம். பாட்டியார் நாற்பத்தேழு ஆண்டுகால இல்வாழ்வில் ஒருமுறைகூட மாணிக்கம் என்று சொன்னதில்லை. குடும்ப அட்டைக்கு விவரம் கேட்டவர்களிடமும், மருத்துவமனையில் சீட்டு எழுதியவர்களிடமும் மகனையோ அடுத்திருந்தவரையோ சொல்லச் செய்வார். கடையில் அந்த மணியின் பெயரைச் சொல்ல நேர்ந்தாலும் ‘சிவப்புக் கல்’ என்பார். கணவர் மறைந்த பின்னும் அவர் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

எல்லாரும் பாட்டியாரைப் பார்த்தனர். அவர் எழுந்துசென்று கைகளைக் கழுவிக்கொண்டு வந்தார். தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்து மடியில் கிடத்தினார். முந்தானையால் தம் வாயைச் சற்றே மறைத்துக்கொண்டு, அதன் வலக்காதருகே குனிந்தார். பெயர் சூட்டும்போது காதில் மூன்று முறை சொல்வது வழக்கம். முதல்முறை உதடுகள் மட்டும் அசைந்தன. இரண்டாம்முறை அருகிலிருந்தவர்களுக்குக் கேட்டது. மூன்றாம்முறை கூடம் முழுவதும் கேட்டது.

“மாணிக்கம்.”

சிறிது நேரம் அவர் தலை நிமிரவில்லை. பிறகு கொழுந்தனாரைப் பார்த்து, “பெருமாளே நாச்சியாருக்குப் பின்னால் வருகிற ஊர், தம்பி இது. உங்கள் அண்ணன் பெயர் இவளுக்குப் பின்னால் வராதா?” என்றார்.

மறுநாள் தந்தை பதிவு அலுவலகம் சென்றார். பாலினம் பெண், பெயர் மாணிக்கம் என்று படிவத்தில் இருந்ததைக் கண்ட எழுத்தர், இரண்டில் எது தவறு என்று கேட்டார். இரண்டும் சரி என்றார் தந்தை.

தம்பியார் அஞ்சியது நடக்காமலில்லை. முதல் வகுப்பில் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயரழைத்தபோது, ஆசிரியரின் கண்கள் சிறுவர் வரிசைக்குச் சென்றன. சிறுமி எழுந்து நின்றாள். வகுப்பு சிரித்தது. அன்று மாலை அவள் அழுதுகொண்டு வந்தாள். பாட்டியார் அவளைப் பட்டறைக்கு அழைத்துச் சென்று, ஒரு விளக்கின் அடிப்பாகத்தைக் கவிழ்த்து, அதிலுள்ள எழுத்தின்மேல் அவள் விரலை வைத்து நகர்த்தினார். “இது யார் பெயர்?” என்று சிறுமி கேட்டாள். “மூன்று பேருக்கு உரியது. அதில் நீ ஒருத்தி” என்றார் பாட்டியார். சில வாரங்களில் வகுப்பிலும் சிரிப்பு ஓய்ந்தது. புதிய பெயர் புதியதாக இருப்பது கொஞ்ச காலம்தான்.

தம்பியார் மட்டும் இன்றுவரை அவளைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. முதலில் அது கோபம் என்றே வீட்டார் எண்ணினர். அவள் பட்டறைக்குள் நுழையும்போது அவர் வேலையை நிறுத்திவிட்டு, “வாருங்கள் பெரியவரே” என்பார். தம் அருகில் பலகையை இழுத்துப் போடுவார். ஒருநாள் அவளே கேட்டுவிட்டாள், “சின்னத் தாத்தா, நீங்கள் ஏன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை?”

அவர் உளியைக் கீழே வைத்தார். “அண்ணன் பெயரைத் தம்பி சொல்லலாமா, அம்மா?” என்றார்.