செசில் கடற்கரையில் ஒரு டிசம்பர் பகல்

1/ கடலில் கால் நனைக்கப் பிடிக்குமா? இதை முழுசா படிச்சிடுங்க. போன டிசம்பரில் லீவு போட்டு இங்கிலாந்து போயிருந்தேன். அங்கே வேலை பார்க்கும் என் பேட்ச்மேட், டோர்செட்டில் இருக்கிற செசில் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போனான். காலையில் போய் இருட்டுறதுக்குள்ள திரும்புற பிளான்.

2/ 29 கி.மீ. நீளத்துக்கும் கூழாங்கல்தான். மேற்கு முனையில் பட்டாணி சைஸ். கிழக்கே போர்ட்லாண்ட் வர வர உருளைக்கிழங்கு சைஸ். இருட்டில் கரையேறும் மீனவர்கள் கல்லைத் தடவிப் பார்த்தே எந்த இடம்னு சொல்லிடுவாங்களாம்.

3/ எனக்கு மெரினா பழக்கம். தண்ணி ஓரம் வரை போயிட்டேன். அங்கே கரை நல்ல சரிவு. அலை திரும்பும்போது காலடியில் இருந்த கல்லெல்லாம் சேர்ந்து உருண்டுச்சு. இடுப்பளவு தண்ணியில் உட்கார்ந்துட்டேன். நண்பன் ஜாக்கெட்டைப் பிடிச்சு இழுத்துப் போட்டான். மூச்சு என் கன்ட்ரோலிலேயே இல்லை.

4/ இதுதான் கோல்டு ஷாக். 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணியில் திடீர்னு விழுந்தா, நம்மை அறியாமலே மூச்சை இழுப்போம். அப்போ தலை உள்ளே இருந்தா நுரையீரலுக்குப் போறது தண்ணிதான். நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களுக்கும் இதே கதி.

5/ அதனால விழுந்ததும் நீந்தப் பார்க்காதீங்க. மல்லாந்து மிதங்க. ஓரிரு நிமிஷத்தில் மூச்சு கட்டுக்குள் வரும். அப்புறம் கை காட்டுங்க, கத்துங்க, நீந்துங்க.

6/ கடலில் போனவங்களோட வீட்டாரிடம் கேஷுவாலிட்டியில் நின்னு, "எதுக்குங்க அவ்ளோ கிட்ட விட்டீங்க?"ன்னு கேட்டிருக்கேன். இனி கேட்க மாட்டேன். நானும் கரையில்தான் நின்னேன்.