தடத்தில் குரல்

தடம் பிடித்து ஓடும்போதே குரைக்கிற நாய், பின்னால் வருகிற மனிதனுக்கு மட்டும் சேதி சொல்வதில்லை. முன்னால் போகிற பன்றிக்கும் சொல்லிவிடுகிறது. கிழக்கு டெக்சஸில், ட்ரினிட்டி ஆற்றை ஒட்டிய காடுகளில் பன்றி வேட்டைக்கு நாய் வளர்ப்பவர்கள் எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் இந்த இடத்துக்கு வந்து சேராமல் இருப்பதில்லை. நரி ஓட்டுவதற்கென்று வளர்த்த ஹவுண்டைப் பன்றிக்கு விடலாமா? அதன் ரத்தத்தை இங்கத்திய நாட்டு நாயோடு எவ்வளவு கலக்கலாம்? கலந்தால் குரல் அடங்குமா? குரலோடு மோப்பமும் போய்விட்டால் என்ன செய்வது? இந்தப் பேச்சு எனக்கு அலுப்பதே இல்லை. ஒரு விலங்கின் உடம்புக்குள் மனிதன் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்த குணங்களில், இன்னொரு தேவை வந்ததும் ஒன்றை மட்டும் உருவி எடுத்துவிட முடியுமா என்கிற கேள்வி அதற்குள் இருக்கிறது.

நான் ராஜபாளையம் பக்கத்தில் வளர்ந்தவன். அங்கே வேட்டை நாய் என்றால் சிப்பிப்பாறையும் கன்னியும்தான் முதலில் நினைவுக்கு வரும். ஒட்டிய வயிறு, நீண்ட கால், கூரிய முகம். கண்ணால் வேட்டையாடுகிற நாய்கள் அவை. கரிசல் வெளியில் முயல் எழும்பியதும் சத்தமில்லாமல் பாயும். முயல் புதருக்குள் மறைந்துவிட்டால் தலையைத் தூக்கித் தேடும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த வேட்டை தாத்தாக்களின் பேச்சோடு நின்றுபோனது. மூக்கால் ஓடுகிற ஹவுண்டை நான் டெக்சஸுக்கு வந்துதான் பார்த்தேன். அது எதையும் தேடிப் பார்ப்பதில்லை. தலை தரையோடு தரையாக இருக்கும். மணம் தட்டியதும் வால் வேகமாக அசையும். பிறகு அடித்தொண்டையிலிருந்து நீளமாக ஒரு குரல் எழும். மணம் வலுக்க வலுக்கக் குரலின் இடைவெளி குறையும். தடம் அறுந்தால் குரலும் அறுந்துவிடும். நாயின் மூக்குக்குள் நடப்பதெல்லாம் இருட்டில் நிற்கிற மனிதனின் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

அந்தக் குரலுக்காகவே இந்த நாய்களைப் போற்றி வளர்த்தார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் நரி வேட்டையில் பெரும் ஆசை கொண்டவர். 1785-இல் அவருடைய பிரெஞ்சு நண்பர் லஃபாயெத் அவருக்குப் பிரான்ஸிலிருந்து ஹவுண்டுகளை அனுப்பிவைத்தார். ஆங்கிலேய ஹவுண்டுகளின் ரத்தம் அதற்கு முன்பே இங்கே இருந்தது. பிறகு கென்டக்கியில் மாப்பின், வாக்கர் என்ற நாய் வளர்ப்பாளர்கள் வந்தார்கள். டென்னசியிலிருந்து 1852-இல் அவர்கள் கைக்கு வந்த 'டென்னசி லீட்' என்ற ஒற்றை நாயின் வேகத்தைத்தான் இன்றைய ஓட்ட வாக்கர் நாய்களின் ஆதியாகச் சொல்கிறார்கள். ஜார்ஜியாவில் ஜூலை, கென்டக்கியிலேயே டிரிக் என்று வேறு கிளைகளும் உண்டு. தெற்கத்திச் சிறு விவசாயிகள் குதிரையேறி நரியைத் துரத்தவில்லை. மேட்டில் தீ மூட்டி உட்கார்ந்து, நாய்களை அவிழ்த்துவிட்டு, இரவெல்லாம் கேட்டார்கள். நரி செத்தால் நாளைக்கு ஓட்டம் இல்லை. அதனால் அது வளைக்குள் தப்பிப் போவதையே விரும்பினார்கள்.

என்னைத் தன் நாய்களோடு காட்டுக்குக் கூட்டிப்போகிற பெரியவர் அப்படிப்பட்ட ஒரு குடும்பத்துப் பிள்ளை. "எங்கப்பா நரியைக் கண்ணால பார்த்தது ரொம்பக் கம்மி. ஆனா முன்னால ஓடுறது யாரோட நாய், ரெண்டாவது யாருதுன்னு இருட்டுல சொல்லிடுவார்" என்றார் ஒருமுறை. அவருடைய கொட்டகையில் இன்றைக்கும் ஓட்ட வாக்கர் இருக்கிறது. ஆனால் அவர் போவது பன்றிக்கு.

பன்றிக்கான நாயின் வரலாறு வேறு. ஹெர்னாண்டோ டி சோட்டோ 1539-இல் ஃபுளோரிடாவில் கரையிறங்கியபோது பன்றிகளையும் கூடவே கொண்டுவந்தார். பின்னால் வந்த குடியேறிகளும் பன்றியை அடைத்து வளர்க்கவில்லை. காதில் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அது ஓக் மரத்துக் கொட்டைகளைத் தின்று கொழுக்கும். வேண்டும்போது நாய்களோடு போய்த் திரட்டிவருவார்கள். அந்த வேலையில் தேறியதுதான் இங்கே 'கர்' என்று சொல்லப்படும் நாட்டு நாய். டெக்சஸ் பக்கம் கறுப்பு வாய்க் கர், லூசியானாவில் கேட்டஹூலா. இவற்றின் சாமர்த்தியம் கடிப்பதில் இல்லை. கூட்டத்தைச் சுற்றிச் சுற்றிச் சீண்டும். குட்டிகளைக் காக்கப் பன்றிகள் நெருக்கியடித்து முகத்தை வெளியே காட்டி நின்றுவிடும். பிறகு நாய் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்க, ஆத்திரத்தில் துரத்திவரும் பன்றிகள் தாமாகவே பட்டிக்குள் நுழையும். ஃபிரெட் கிப்சன் 1956-இல் எழுதிய 'ஓல்ட் யெல்லர்' நாவலில், மரக்கிளையில் படுத்துக்கொண்டு பையன் பன்றிக்குட்டிகளைச் சுருக்குப் போட்டுத் தூக்க, கீழே மஞ்சள் நாய் கூட்டத்தை நிறுத்தி வைத்திருக்கும். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது கதையில்லை, தாத்தா செய்த வேலை.

ஆக ஹவுண்டு துரத்தப் பிறந்தது, கர் நிறுத்தப் பிறந்தது. நிறுத்துகிற நாயே போதுமென்றால் கலப்புக்கு வேலையில்லை. ஆனால் பன்றி மாறிவிட்டது. டெக்சஸில் மட்டும் இருபது லட்சத்துக்கும் மேல் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். கூண்டு வைக்கிறார்கள், இரவில் வெப்பம் காட்டும் கருவி பொருத்திய துப்பாக்கியால் சுடுகிறார்கள், 2011-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு ஹெலிகாப்டரிலிருந்தும் சுடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் தப்பியவை நாயைக் கண்டதும் நிற்பதில்லை. தூரத்தில் ஒரு குரைப்புக் கேட்டாலே புதரை விட்டு எழுந்து, ஓடையில் இறங்கி, மறுகரை ஏறிப் போய்க்கொண்டே இருக்கும். கர் அரை மணி நேரம் துரத்திவிட்டு, இது ஆகாது என்று திரும்பி வந்துவிடும். அதற்குப் புத்தி அதிகம். அந்தப் புத்தியே இங்கே குறையாகிவிடுகிறது. ஓட்ட ஹவுண்டுக்குத் திரும்பி வரத் தோன்றாது. மூச்சு இருக்கிறவரை, மணம் இருக்கிறவரை ஓடும்.

மூக்கிலும் வித்தியாசம் உண்டு. கர் பெரும்பாலும் சூடான தடத்தைத்தான் எடுக்கும். அல்லது காற்றில் வரும் வாசனையைப் பிடித்து நேராகப் போகும். பன்றி நள்ளிரவில் கடந்துபோன ஈரமண்ணில் விடிகாலையில் மூக்கை வைத்து, சேறு பூசிய மரத்தையும் புரண்ட பள்ளத்தையும் ஒவ்வொன்றாக விசாரித்துத் தடத்தை அவிழ்ப்பது ஹவுண்டின் வேலை. ஆறிய தடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறுவதை நாயின் நடையில் பார்க்கலாம். நான் பார்த்தவற்றில் மனத்தை அதிகம் ஈர்த்தது அதுதான். பன்றி பிடிபடுகிற இடத்தைவிட அந்த ஆரம்பம் எனக்குப் பெரிது.

ஹவுண்டைக் கொண்டே பன்றி வேட்டை நடந்த இடமும் இருக்கிறது. வட கரோலினாவின் ஹூப்பர் பால்ட் மலையில் 1912-இல் ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளைக் கொண்டுவந்து வேலிக்குள் விட்டார்கள். பிற்பாடு அவை வேலியை உடைத்துக்கொண்டு மலையெங்கும் பரவின. மலைக்காரர்கள் கரடிக்கு வளர்த்த பிளாட் ஹவுண்டையே அவற்றின் மேலும் விட்டார்கள். பிளாட் வாய் திறந்து, அதாவது தடத்தில் குரைத்துக்கொண்டே ஓடும். துரத்தப்பட்டது திரும்பி நின்றால் தானும் எதிரே நிற்கும். அந்த மலையில் மைல் கணக்கில் ஓட இடம் இருந்தது. டெக்சஸில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேல் தனியார் நிலம். முந்நூறு ஏக்கரில் அனுமதி வாங்கி நாயை அவிழ்த்தால், வாய் திறந்து ஓடுகிற நாய் பன்றியை எழுப்பி, கால் மணிக்குள் அடுத்தவர் வேலிக்கு அப்பால் கொண்டுபோய்விடும். கழுத்துப்பட்டையில் இருக்கும் ஜிபிஎஸ், நாய் எங்கே இருக்கிறது என்று திரையில் காட்டும். ஆனால் அங்கே கால் வைக்க அனுமதி இருக்காது. நாய் தனியாகப் பன்றியை நிறுத்திக்கொண்டு, வராத எஜமானுக்காகக் குரைத்துக்கொண்டிருக்கும். இதைத் தாங்க முடியாமல்தான் பலர் ஹவுண்டையே விற்றுவிட்டார்கள். போதாததற்கு மான் ஆசை வேறு. நாயை விட்டு மான் வேட்டையாடுவது கிழக்கு டெக்சஸில் 1990-இல் முழுக்கத் தடையானது. மானை ஓட்டிப் பழகிய வம்சத்து ஹவுண்டுக்கு அந்தச் சட்டம் தெரியாது.

அதனால் கலக்கிறார்கள். ஹவுண்டின் மூக்கும் மூச்சும் வேண்டும், கர் நாயின் மௌனமும் நிறுத்துகிற திறமையும் வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. குட்டிகளின் உடம்பு அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. லியான் விட்னி என்ற நாய் மரபு ஆய்வாளர், தடத்தில் குரைக்கும் நாயையும் குரைக்காத நாயையும் இணைத்துப் பார்த்து 1929-இல் எழுதினார்: பிறந்த குட்டிகள் தடத்தில் குரைத்தன. பெரியவர் விட்னியைப் படித்தவரில்லை. தன் கொட்டகையில் அதையேதான் கண்டார். பாதி ஹவுண்டு, பாதி கறுப்பு வாயாகப் பிறந்தவை வாய் திறந்தே ஓடின. குரலில் மட்டும் ஹவுண்டின் நீளம் இல்லை. நறுக்கு நறுக்கென்று வெட்டிக் குரைத்தன. அவற்றில் ஒரு பெட்டையை மறுபடியும் கர் நாயோடு சேர்த்தபோதுதான் சில குட்டிகள் அடங்கின. அந்தக் கால்பங்கு ஹவுண்டுகள் தடத்தில் வாயை மூடிக்கொண்டு போய், பன்றி முகத்துக்கு எதிரே வந்ததும் குரைக்கின்றன. வேட்டைக்காரன் கேட்பது அதைத்தான்.

ஆனால் அதே ஈற்றில், குரல் அடங்கிய குட்டிகள் சில ஆறிய தடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. குரல் அடங்காதவற்றில் ஒன்று தாயைவிடப் பழைய தடத்தை எடுக்கிறது. குரலும் மோப்பமும் ஒரே முடிச்சில் கட்டியிருக்கின்றன என்று நான் சாதிக்கவில்லை. இரண்டும் நன்றாக அமைந்த நாயும் அங்கே நிற்கிறது. பல தலைமுறையாக ஒன்றாகத் தேர்ந்தெடுத்தவற்றை இரண்டே ஈற்றில் பிரித்துவிடலாம் என்ற அவசரம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. வேண்டியது வராத குட்டிகளை என்ன செய்வது என்று யோசிக்காமல் கலக்கிறவர்கள் உண்டு. யாருக்கும் உதவாத நாய்கள் கிராமத்துச் சாலைகளில் அலைவதற்கு அவர்களே காரணம். பெரியவர் ஒவ்வொரு குட்டிக்கும் இடம் தேடிவிட்டுத்தான் அடுத்த ஈற்றுக்கு நாயைச் சேர்ப்பார். அவர் மேல் எனக்கு மரியாதை பிறந்தது இதனால்தான்.

ஹவுண்டு ரத்தத்துக்காக நான் வாதாடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பன்றியைக் கடித்துப் பிடிக்கிற முரட்டுத்தனத்தைப் பெருமையாக நினைக்கிறவர்கள் இங்கே பலர். பன்றியின் மேல்கோரை கீழ்க்கோரையைத் தீட்டிக்கொண்டே இருக்கும். அந்தக் கூர்மை நாயின் கழுத்தையும் மார்பையும் தேடி வரும். பிடிப்பதற்கென்று புல்டாக் வகை நாயைத் தடித்த கவசம் மாட்டிக் கடைசி நிமிஷம்வரை கயிற்றில் வைத்திருப்பார்கள். தடம் எடுக்கும் நாயும் போய் விழுந்து கடித்தால் அதற்கு ஆயுள் இல்லை. ஓட்ட ஹவுண்டின் ரத்தம் உள்ள நாய் பெரும்பாலும் எட்டி நின்று குரைக்கிறது. கோழை என்று சிலர் சொல்கிறார்கள். எட்டி நிற்கிற நாய்தான் அடுத்த குளிர்காலத்தையும் பார்க்கிறது. தப்பிக்க வழியே இல்லாத ஆபத்தும் இருக்கிறது: காட்டுப்பன்றிகள் சுமக்கும் போலி வெறிநோய்க் கிருமி நாய்க்குத் தொற்றினால் மருந்தில்லை, தாங்க முடியாத அரிப்போடு இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். அதனால் பெரியவர் பச்சைப் பன்றிக்கறியை நாய்க்குக் காட்டுவதே இல்லை.

நாயால் பன்றித் தொல்லை தீரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாளில் ஐந்தாறு குட்டி போடுகிற விலங்கு அது. கூட்டத்தை மொத்தமாக அடைக்கிற பெரிய கூண்டுதான் எண்ணிக்கையைக் குறைக்கும். கூண்டைக் கண்டு விலகிப்போகிற கடைசி ஒன்றிரண்டைத் தேடிப் போகத்தான் நாய் வேண்டும். அந்தக் கடைசிப் பன்றிகளின் தடம்தான் எப்போதும் ஆறிய தடம்.

இந்தக் குளிர்காலத்தில் பெரியவர் கால்பங்குப் பெட்டையைப் பழையபடி ஓட்ட வாக்கரோடு சேர்க்கப்போகிறார். குரல் திரும்பி வரும் என்று அவருக்குத் தெரியும். ஆற்றுக்கு அக்கரையில் இரண்டாயிரம் ஏக்கருக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. அங்கே நாய் வாய் திறந்து ஓடலாம். பழைய தடத்தை எடுக்கிற அந்தக் குரைக்கும் குட்டியையும் அங்கே கொண்டுபோகிறார். பிறக்கப்போகும் குட்டிகளில் ஒன்றை எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எதை என்று குட்டிகள் ஆறு மாதம் தாண்டி, முதல் தடத்தில் மூக்கை வைத்த பிறகுதான் முடிவு செய்வோம்.