உளுந்து வீடு வந்த பிறகு

"உளுந்தை எடுத்துட்டுப் பாப்பம்." கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட்ட காலமெல்லாம் ஆச்சி இதையேதான் சொன்னாள். ஐப்பசி மழைக்கு விதைத்த உளுந்து தையில் வீடு வரும். வந்த பிறகு மிளகாய்ப்பழம் பறிக்க வேண்டும், பருத்தி எடுக்க வேண்டும். அதற்குள் புரை முற்றிவிட்டது. சுளகில் கிடக்கும் கல்லை விரலால்தான் தேடுவாள். ஒவ்வொரு பருப்பாகத் தடவிக்கொண்டே போகும் விரல், சொரசொரப்பு தட்டுப்பட்டதும் நிற்கும்.

அந்த விரலை நினைத்தால் டாக்டர் வெங்கடசாமியின் விரல்களும் நினைவுக்கு வரும். 1918-ல் எட்டயபுரம் பக்கம் அயன் வடமலாபுரத்தில் பிறந்த கரிசல்காட்டுக்காரர். முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கியபின், அந்தக் கையாலேயே கண் அறுவை பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள் செய்தார். அரசுப் பணியில் ஓய்வுபெற்று 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

அங்கே ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒருவருக்கு முடிகிறபோது அடுத்தவர் பக்கத்து மேஜையில் தயாராகப் படுத்திருப்பார். மருந்து விடுவது, தைரியம் சொல்வது, கட்டுப் போடுவதெல்லாம் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள். டாக்டரின் ஒரு நிமிடமும் வீண்போகாது.

வருகிறவர்களின் நேரம்? அது அம்மாவைப் பார்த்து எங்களுக்குத் தெரியும். தீப்பெட்டி ஆபீஸில் எத்தனை கட்டை அடுக்கினாளோ அத்தனைக்குத்தான் கூலி. ஆச்சியைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. அப்படிப் போன ஒரு நாளில், பத்து மணிக்கு மேல் சீட்டு கிடையாது என்று ஓர் ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஊர் பஸ் டவுனுக்கு வந்து சேரவே பத்தரை ஆகும்.

வைத்தியம் இலவசமாக இருந்தாலும் வந்துபோவது இலவசமல்ல. இதை அரவிந்த் அனுபவத்தில் கற்றது. கிராமங்களில் நடத்திய கண் முகாமில் தேர்வானவர்களை பஸ்ஸில் ஏற்றிப்போய், சாப்பாடு போட்டு, ஆபரேஷன் முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். ஆனாலும் கண் கோளாறு உள்ள கிராமத்தவர்களில் 7 சதவீதத்துக்கும் குறைவானவர்களே முகாமுக்கு வருகிறார்கள் என்று 1999-ல் வெளியான ஆய்வு சொன்னது. முகாம் என்றைக்கோ ஒரு நாள் வரும். அன்றைக்குக் காட்டில் களையெடுப்பு இருக்கும். 2004-லிருந்து சிற்றூர்களில் நிரந்தரமான கண் பரிசோதனை மையங்கள் திறந்தார்கள். பயிற்சி பெற்ற பெண் அங்கேயே சோதித்துப் பார்ப்பார். டாக்டர் கணினி வழியே பேசுவார். தோதுப்பட்ட நாளில் போய்க்கொள்ளலாம்.

ஆச்சி கடைசியில் ஒரு சித்திரையில் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். காட்டில் வேலை இல்லை, கையில் பருத்திக் காசு இருந்தது. வரிசையில் முக்கால்வாசிப் பேர் அவளைப் போலவே வெள்ளாமை முடித்து வந்தவர்கள். அத்தனை பேருக்கும் சீட்டு எழுத ஒரே ஒரு பெண். கார்த்திகையில் அதே பெஞ்சு காலியாகக் கிடந்திருக்கும்.

டூட்டி அட்டவணை போடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். விதைப்புக் காலத்தில் ஊழியர்களுக்கு லீவும் பயிற்சியும் கொடுங்கள். பங்குனி, சித்திரைக்குக் கூடுதல் ஆள் வையுங்கள். காலை பஸ் வந்து ஒரு மணி நேரம் வரையாவது சீட்டு எழுதுங்கள். தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவான ஞாயிற்றுக்கிழமை ஒரு டாக்டராவது இருக்கட்டும். புரைக்கண்ணோடு பஸ் ஏறி வருகிற ஒருவரைத் திருப்பி அனுப்பினால், அவர் மறுபடி வர அடுத்த வெள்ளாமை ஆகலாம்.