விமானத்தின் முன்கண்ணாடி

1910-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த ஜாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பவர், தாமே திட்டமிட்டுச் செய்வித்த ஆகாய விமானமொன்றைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டுப் பார்த்தார். அதற்கு முந்திய ஆண்டில் பிளேரியோ என்னும் பிரெஞ்சுக்காரர் இங்கிலீஷ் கால்வாயைப் பறந்து கடந்திருந்தார். அக்காலத்து விமானிகளுக்கு எதிர்க்காற்றை மறைக்கும் முன்கண்ணாடி பெரும்பாலும் இல்லை. கண்ணுக்கொரு மூக்குக்கண்ணாடியும் கழுத்துக்கொரு துணியுமே காப்பு. இச்செய்தியை முதன்முதல் படித்தபோது யாம் நகைத்தோம். இப்பொழுது நகைப்பதில்லை.

எமக்கு ஊக்கமளித்த செய்தி வேறு. கேரள நாட்டு இடுக்கி மாவட்டத்தினரும், பேசவும் கேட்கவும் இயலாதவருமான சஜி தாமஸ் என்பார் தம் கையாற் செய்த சிறு விமானம், 2014-இல் நம் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த மணிமுத்தாற்றில் பறந்தது. அவருக்கு இயன்றது எமக்கு ஏன் இயலாது என்று, இக்கல்லூரியின் பழைய மாணவராகிய யாம் மூவரும் மல்லசமுத்திரத்தில் ஓட்டம் நின்றுபோன விசைத்தறிக் கொட்டகையொன்றில் வேலையைத் தொடங்கினோம். மூவருள் விமானம் ஓட்டும் உரிமம் பெற்றவர் ஒருவரே. ஆதலின், எம் பிழைகளுக்கெல்லாம் முன்னின்று முகங்கொடுக்க வேண்டியவரும் அவர் ஒருவரே என்பதை வாசகர் நினைவிற் கொள்க.

இறக்கையும் உடலும் ஒருவாறு உருப்பெற்ற பின்னர் முன்கண்ணாடியை எண்ணினோம். இது ஒரு நாள் வேலை என்றே கருதியிருந்தோம். சேலத்திற்கும் திருச்செங்கோட்டிற்கும் இடையில் வாழ்வோருக்குக் கண்ணாடிக்கா பஞ்சம்? லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் எங்கணும் உள. அங்கே ஒரு முதியவர், "ஏனுங்க தம்பி, பத்து டன் லாரிக்குப் போடற கண்ணாடி உங்க வண்டிக்குப் பத்தாதுங்களா?" என்றார். வலிமை பற்றியதாயின் அவர் கேட்டது நியாயமே. ஆனால் 3 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி சதுர மீட்டருக்கு ஏழரைக் கிலோ நிறுக்கும். அதே கனமுள்ள அக்ரிலிக் மூன்றரைக் கிலோவிற்குச் சற்றே கூடும். எடையில் ஒவ்வொரு கிலோவிற்கும் கணக்குக் கேட்கும் எம் ஊர்திக்கு இது சிறு வேற்றுமையன்று. அன்றியும், லாரிக் கண்ணாடி இரு தகடுகளை நடுவே ஒரு படலத்தால் ஒட்டியது. ஆகவே எடை இன்னும் மிகும்.

எஞ்சியவை இரண்டு. ஒன்று அக்ரிலிக், 1930-களில் பிளெக்ஸிகிளாஸ், பெர்ஸ்பெக்ஸ் என்னும் பெயர்களுடன் விற்பனைக்கு வந்து, இரண்டாம் உலகப்போரில் விமானங்களுக்குக் கண்ணாடியாய் நின்றது. மற்றொன்று 1953-இல் கண்டறியப்பட்ட பாலிகார்பனேட். சம்மட்டியால் அடித்தாலும் எளிதில் உடையாதது. ஏறக்குறைய முக்கால் கிலோ எடையுள்ள பருந்தொன்று மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானத்தின் எதிர்ப்படின், அவ்வடி 10 கிலோக் கல்லைப் பத்தடி உயரத்திலிருந்து போட்டதற்கு ஒப்பாகும். பருந்தும் மயிலும் மலிந்த ஊர் எமது. வேறென்ன ஆராய்ச்சி? பாலிகார்பனேட்டே வாங்கினோம்.

அது வளைத்தபடியெல்லாம் வளைந்தது. கனத்தைப்போல் நூறு மடங்கு ஆரமுடைய வளைவுவரை அதனைச் சூடேற்றாமலே வளைக்கலாம் என்பது விதி. ஒரு மாலைப்பொழுதில் பொருத்தி முடித்து, எம் திறமையை யாமே மெச்சிக்கொண்டோம். எம் பெட்ரோல் தொட்டி இறக்கையில், கண்ணாடிக்கு மேற்புறத்தில் உள்ளது. எரிபொருள் நிரப்பிய ஒருநாள் சிறிது வழிந்தது. எம்மில் ஒருவர் கையிலிருந்த துணியாலேயே அதனைத் துடைத்துவிட்டார். சில நாட்கள் கழித்து மாலை வெயில் சாய்வாய் விழுந்தபோது, திருகாணித் துளைகள்தோறும் சிலந்தி நூல் போன்ற வெடிப்புகள் ஒளிர்ந்தன. வளைத்து இறுக்கிய பாலிகார்பனேட்டிற்குப் பெட்ரோல் பகை. அதன் ஆவியும் ஆகாது. இதனை எந்த நூலிலும் முன்னரே படித்திருக்கலாம், படித்திலேம்.

அன்றிரவு கணக்கிட்டோம். 100 கிலோமீட்டர் வேகத்தில், நேர்நின்ற பரப்பின்மேல் காற்று சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 48 கிலோ அழுத்தும். எம் கண்ணாடி சாய்வானது, அழுத்தம் குறையும். எனினும் அது வானத்தில் பிளந்து போயின், காற்று கூண்டினுட் புகுந்து கதவுகளையும் பின்புறத் துணியையும் வெளியே தள்ளும். உரிமம் பெற்ற நண்பர் அக்கணக்கைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாட் காலையில் எமக்கு முன்னதாகவே வந்து, திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அக்ரிலிக்கிற்குத் திரும்பினோம். பெயர்ப்பலகை செய்வோரிடம் கிடைப்பது பெரும்பாலும் உருக்கிப் பிதுக்கிய தகடு. யாம் வேண்டியது அச்சில் வார்த்த தகடு. அது வெளியூரிலிருந்து வந்தது. எம்மில் இளையவர், மீனின் வயிறுபோல இருபுறமும் உப்பிய குமிழ் வடிவமே அழகென்று வாதிட்டார். அழகுதான். ஆனால் அவ்வடிவிற்கு அச்சும் உலையும் வேண்டும். இரு திசையிலும் வளைந்த தகட்டில் கனம் ஓரிடத்திற்கு ஓரிடம் மாறிக் காட்சி நெளியவுங் கூடும். ஒரே திசையில் வளைவதாயின், கனத்தைப்போல் 180 மடங்கு ஆரம்வரை அக்ரிலிக்கும் சூடின்றி வளையும். 3 மில்லிமீட்டருக்கு 54 சென்டிமீட்டர். எம் கூண்டின் முகப்பைச் சிறிது அகலமாக்கி, வளைவின் ஆரத்தை 60 சென்டிமீட்டர் ஆக்கினோம்.

தகட்டில் நெளிவு உண்டா என்று அறிய அடுத்த கொட்டகைத் தறியே எமக்கு உதவியது. விரித்த பாவின் முன்னே தகட்டைப் பிடித்து மெல்ல நகர்த்தினால், குற்றமுள்ள இடத்தில் நேரான இழைகள் பாம்புபோல் அசையும். இரு தகடுகளைத் தள்ளினோம். நெய்பவர் தறியை நிறுத்திவிட்டுத் தாமும் பார்த்து, மூன்றாவதைக் காட்டி, "இது சுத்தமுங்க" என்றார். அதையே கொண்டோம்.

துளையிடுதலில் ஒரு தகடு போயிற்று. இரும்புக்கு உரிய கூரிய துளைக்கருவி அக்ரிலிக்கைக் கவ்வி உடைத்துவிடும். அதன் முனையைச் சற்று மழுக்க வேண்டும். துளையும் திருகாணியினும் பெரிதாயிருத்தல் வேண்டும். ஒரு மீட்டர் நீளத் தகடு விடியற்காலைக் குளிருக்கும் நண்பகல் வெயிலுக்கும் இடையே, 40 பாகை வேற்றுமையில், ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். நீள இடமில்லாவிடின் தன்னைத் தானே பிளந்துகொள்ளும். ஆதலின் ரப்பர்ப் பட்டையில் தகட்டை இருத்தி, திருகாணிகளை இறுக்காமல் விட்டோம். இறுக்கிப் பழகிய கைக்கு இது எளிதன்று.

அக்ரிலிக் பருந்துக்கு அஞ்சும், பாலிகார்பனேட்டைப்போல் தாங்காது. இதனை அறிந்தே கொண்டோம். பருந்து என்றேனும் வரலாம். பெட்ரோலோ அன்றாடம் மேலே இருக்கிறது. செம்மண் புழுதியை உலர்ந்த துணியால் துடைப்பது கூடாதென்று, தண்ணீர்க் குடமும் பருத்தித் துணியும் கண்ணாடியருகே வைத்திருக்கிறோம். விமானம் இன்னும் தரையில்தான் நிற்கிறது. அரசாங்க அனுமதியின்றி அதனை எழுப்புவதாயில்லை. உரிமம் பெற்ற நண்பர் சென்ற வாரம் சேலத்திற்குப் போய், கண்ணை முழுதும் மூடும் மூக்குக்கண்ணாடி ஒன்று வாங்கி வந்து, ஓட்டுநர் இருக்கையின் மேல் மாட்டிவிட்டார்.