கீழே ஓடுகிறவள்

பெங்களூரில் நாங்கள் ஐந்து பேர் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். 1974-ல் அமெரிக்காவில் வந்த விளையாட்டு. பகடை, காகிதம், வாய் இருந்தால் போதும். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரமாக நுழைந்து திருடுவார்கள், சண்டை போடுவார்கள், சில சமயம் செத்தும் போவார்கள். புதுக் கதை ஒன்றைத் தொடங்கும்போது எங்கள் கதைசொல்லி ஒரு நிபந்தனை போட்டார். உலகம் முழுவதையும் அவரே படைக்க மாட்டாராம், ஆளுக்கொரு நாடு செய்துகொண்டு வர வேண்டுமாம். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வந்தது, ஆற்றைக் கும்பிடும் ஓர் அரசு.

“உனக்கென்னப்பா, காவிரிக்காரன். ஒரு மணி நேர வேலை” என்றார் தஞ்சாவூர் நண்பர்.

நான் தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். காவிரி எங்கள் மாவட்டத்தின் வழியாகப் போகிறது. வழியாகத்தான் போகிறது.

*

ஆற்றைக் கும்பிடும் அரசு என்றதும் தமிழில் கொஞ்சம் படித்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சோழநாடுதான். கல்கி 1950-ல் பொன்னியின் செல்வனைத் தொடங்கியபோது முதல் அத்தியாயத்தையே ஆடிப்பெருக்கு நாளில் வைத்தார். வந்தியத்தேவன் குதிரையில் வீரநாராயண ஏரிக்கரைக்கு வருகிறான், ஊரே கரையில் திரண்டு நிற்கிறது. கதையின் தலைப்பே ஆற்றின் பிள்ளை என்றுதான் சொல்கிறது. அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னால் பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரும், வானம் ஏமாற்றினாலும் காவிரி ஏமாற்ற மாட்டாள் என்ற உறுதியோடுதான் ஆரம்பிக்கிறார்.

டெல்டாவில் காவிரி வீட்டுப் பெண். ஆடியில் அவள் மசக்கையாக இருக்கிறாள் என்று சித்ரான்னம் கட்டிக்கொண்டு போகிறார்கள். ஸ்ரீரங்கத்தில் பெருமாளே அம்மா மண்டபம் படித்துறைக்கு வந்து அவளுக்குப் புடவையும் மாலையும் சீர் கொடுக்கிறார். உறவுமுறையில் குழப்பமே இல்லை.

எகிப்துக்குப் போனாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஹாப்பியை நைல் நதியின் தெய்வம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். சரியாகச் சொன்னால் அவர் ஆண்டுதோறும் வரும் வெள்ளத்தின் தெய்வம். நம் பண்டிகையின் பெயரிலும் ஆறு இல்லை, பெருக்குதான் இருக்கிறது. அந்த வெள்ளம் எத்தனை முழம் ஏறியது என்று பார்க்க ஆற்றங்கரையில் படிக்கட்டு வெட்டி, கல்லில் கோடு கீறி வைத்திருந்தார்கள். நைலோமீட்டர் என்கிறோம். பன்னிரண்டு முழம் என்றால் பசி, பதினாறு என்றால் கொண்டாட்டம் என்று ரோமாபுரி பிளினி கணக்குச் சொல்கிறார். அந்த வருடத்து வரியும் அந்தக் கோட்டைப் பொறுத்தது. கும்பிடுவதும் வரி போடுவதும் ஒரே படிக்கட்டில் நடந்திருக்கிறது. மென்பொருள் வேலை செய்கிற எனக்கு இது பிடித்துப் போனது. அழகான டேட்டாபேஸ்.

இந்த நாடுகளுக்கெல்லாம் பொதுவாக ஒன்று உண்டு. ஆறு ஏறி வந்து வயலை நனைக்கும். நனைத்ததற்கு நன்றியாகப் பண்டிகை.

*

எங்கள் ஊரில் அவள் ஏற மாட்டாள்.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்குப் போக மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்க வேண்டும். ஆறு பாறையைப் பிளந்துகொண்டு பள்ளத்தில் ஓடுகிறது. ஊரும் கொல்லையும் மேட்டில். ஒகேனக்கல் என்பதே கன்னடப் பெயர், புகையும் கல் என்று அர்த்தம். அக்கரை கர்நாடகம். வெளியூர்க்காரர்களுக்கு அருவி, பரிசல், எண்ணெய் மசாஜ், மீன் வறுவல் எல்லாம் நினைவில் இருக்கும். அங்கிருந்து தண்ணீர் நேராக மேட்டூர் போகிறது. 1934-ல் கட்டி முடித்த அந்த அணையில் தேங்கி, பிறகு டெல்டாவுக்கு. மேட்டில் இருக்கிற எங்களுக்கு மழை, ஏரி, கிணறு. கிணறு வற்றியதும் போர்வெல்.

போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு இருந்தது. பாறையிலிருந்து கரைந்து வருவது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல ஊர்களில் அதைத் தாண்டியிருந்தது. காய்ச்சினாலும் போகாது. பல் முளைக்கிற வயதில் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை. வருடக்கணக்கில் குடித்தால் எலும்பில் இறங்கும், மூட்டு மடங்காது. என் முன்பற்களில் கறை உண்டு. ஆயாவுக்கு அறுபது வயதுக்குப் பிறகு முதுகு நிமிரவே இல்லை.

அந்த முதுகோடுதான் ஆயா வருடா வருடம் எங்களை ஆடி பதினெட்டுக்குக் கூட்டிப் போகும். ஆடி ஒண்ணாம் தேதி தேங்காய் சுட்டதிலிருந்தே வீட்டில் அந்தப் பேச்சுதான். அன்றைக்கு ஒகேனக்கல்லில் கால் வைக்க இடமிருக்காது. ஊர் ஊராகக் குலசாமி சிலைகளையும் வேலையும் கத்தியையும் தூக்கிவந்து ஆற்றில் கழுவுவார்கள். கிழக்கே தென்பெண்ணைக் கரையில், அனுமன்தீர்த்தம், இருமத்தூர் பக்கமும் அப்படித்தான். எருக்கம் இலையைத் தலையில் வைத்து மூன்று முழுக்குப் போட வேண்டும். எனக்கு எட்டு வயதிருக்கும்போது கேட்டேன், “சாமி எதுக்கு ஆயா இவ்ளோ தூரம் வந்து குளிக்குது?”

“நம்மூர்ல தண்ணி எங்க கண்ணு இருக்குது? சாமியும் நம்மள மாதிரிதான். அவ மேல வரமாட்டா, நாமதான் எறங்கிப் போவணும்.”

டெல்டாவில் ஆறு சாமியைப் பார்க்க வருகிறாள். எங்கள் பக்கம் சாமி ஆற்றைப் பார்க்கப் போகிறது.

*

ஆகவே நான் செய்த நாட்டுக்கு மேட்டுநாடு என்று பெயர் வைத்தேன். அங்கே ஆற்றுக்குப் பெயர் கிடையாது. ‘கீழவ’ என்பார்கள். முந்நூறு அடிப் பள்ளத்தில் ஓடுகிறாள். சத்தம் கேட்கும், விடிகாலையில் அவள் மேலிருந்து எழும் புகை தெரியும். வீட்டுக்கு வர மாட்டாள்.

பிறகு ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்தேன். தலைநகரத்தில் பத்தாயிரம் பேர். குடிக்கவும் சோறாக்கவும் ஆளுக்கு ஐந்து லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு ஐம்பதாயிரம் லிட்டர். குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்றால் 3,333 குடம். அந்தச் செங்குத்தில் ஒரு ஆள் ஒரு நாளைக்கு இரண்டு நடை ஏறலாம். அப்படியானால் 1,667 பேர், ஆறில் ஒருவர், வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் மட்டுமே சுமக்க வேண்டும். குளிக்க, துவைக்க, மாட்டுக்கு எல்லாம் சேர்க்கவில்லை.

அந்த ஆறில் ஒருவர் யார்? செல்லில் இந்தக் கேள்வியைத் தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கற்பனை நாடுதான், யாரை வேண்டுமானாலும் போடலாம். ஆனால் எங்கள் பக்கம் தண்ணீர்க் குடம் யார் இடுப்பில் இருக்கும், யார் எந்தக் கிணற்றில் சேந்தலாம், யார் தள்ளி நின்று ஊற்றச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எந்த அரசனாலும் எல்லோருக்கும் சுமக்க வைக்க முடியாது. ஆகவே அரண்மனையும் பூசாரிகளும் மட்டும் கீழவளைக் குடிப்பார்கள். மற்றவர்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு அவளைக் கும்பிடுவார்கள். வருடத்தில் ஒரு நாள் எல்லோரும் இறங்கலாம். பண்டிகை எதற்கு என்று நான் யோசித்து வைக்கவே இல்லை, கணக்கிலிருந்தே வந்துவிட்டது. அடுத்த விதியும் தானாக வந்தது. மேட்டுநாட்டில் வெள்ளைப் பல் இருந்தால் அவர் பூசாரி அல்லது அரச குடும்பம். கிரீடமெல்லாம் தேவையில்லை, சிரித்தால் தெரிந்துவிடும்.

அரசனுக்கு முன்மாதிரி கிடைப்பது சுலபமாக இருந்தது. தர்மபுரிதான் பழைய தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவன் பெயர் பாட்டில் மட்டும் இல்லை. தென்பெண்ணைக் கரையில் ஜம்பையில் 1981-ல் கண்டெடுத்த தமிழி கல்வெட்டில், அசோகர் காலத்திலிருந்து பேசப்படும் சத்தியபுத்திர மரபோடு சேர்த்தே வருகிறது. சோழனைப் பாடினால் ஆறு வந்துவிடும். இவனைப் பற்றிய பாட்டில் நமக்கெல்லாம் தெரிந்தது நெல்லிக்கனி. மலைப் பிளவில், எட்டாத இடத்தில் பறித்து வந்து தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தான். அவன் முன்னோர் கரும்பைக் கொண்டுவந்தவர்கள் என்றும் ஔவை பாடுகிறார். எல்லாமே எங்கிருந்தோ சிரமப்பட்டுக் கொண்டுவந்தவை. வறண்ட நாட்டின் கொடை அப்படித்தான் இருக்கும். மேட்டுநாட்டு அரசன் பட்டம் ஏறும் நாளில் தானே இறங்கி ஒரு குடம் சுமந்து ஏறி வர வேண்டும், அதில் ஒரு வாய் கூடத் தான் குடிக்கக் கூடாது என்று எழுதினேன். யாருக்குக் கொடுப்பான் என்பதை வைத்து அவன் ஆட்சி எப்படி இருக்கும் என்று சனங்கள் கணிப்பார்கள்.

*

ஆட்டத்தில் நான் இதை வாசித்ததும் தஞ்சாவூர் நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. “ஆத்துத் தண்ணியக் குடிக்காதவன் ஆத்த எப்படிடா கும்பிடுவான்?” அவருக்குக் கும்பிடுவது என்றால் பெற்றதற்குக் கொடுப்பது. மழை பொய்த்த சில வருடங்களில் ஆடிப்பெருக்குக்காகவே மேட்டூரிலிருந்து சில நாள் தண்ணீர் திறந்துவிட அரசு உத்தரவு போட்டிருக்கிறது. உத்தரவின் பேரில் வந்த பெருக்கையும் அவர் வீட்டில் கும்பிட்டிருக்கிறார்கள். அதை நான் நினைவுபடுத்தியதும் சிரித்தார்.

எங்களில் ஒருவர் மண்டியாக்காரர். அவர் வேறொன்று கேட்டார். “உங்கள் நாட்டுக்கு மேலே யாரும் இல்லையா? அவர்கள் தண்ணீரை நிறுத்தினால்?” மேசையில் இருந்த எல்லோருக்கும் பிலிகுண்டுலு ஞாபகம் வந்திருக்கும். ஒகேனக்கல்லுக்கு மேலே இருக்கிற அளவை நிலையம். நம் காலத்து நைலோமீட்டர் அதுதான். வருடத்துக்கு 192 டிஎம்சி அங்கே வந்து சேர வேண்டும் என்றது 2007-ல் நடுவர் மன்றம். 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. குறைத்ததில் 4.75 டிஎம்சி பெங்களூரின் குடிநீருக்கு. 2016 செப்டம்பரில் இதே ஊரில் பேருந்துகள் எரிந்தபோது நானும் அவரும் ஒரே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேருமே அன்றைக்குத் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை.

நான் 2010-ல் வேலைக்காகப் பெங்களூர் வந்தேன். வாடகை அறையில் குழாயைத் திறந்தால் காவிரி. சுமார் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, அரை கிலோமீட்டர் உயரம் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். காவிரி ஓடும் மாவட்டத்தில் பிறந்தவன் அவளைத் தினமும் குடிக்க ஆரம்பித்தது இங்கேதான். ஆயாவிடம் போனில் சொன்னேன்.

“இங்க கொழாய்லயே காவேரிதான் ஆயா.”

“அவ அங்க எப்படிடா ஏறுனா?”

“மோட்டார் வெச்சு ஏத்துறாங்க.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “மோட்டாரு நம்மூர்ல இல்லியா கண்ணு?” என்றது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பான் கடன். கர்நாடகத்தில் எதிர்ப்பு வந்தது. கட்டி முடித்துத் திறந்தது 2013 மே மாதம். ஆயா 2011-ல் இறந்துவிட்டது.

மேட்டுநாட்டில் அவள் ஏன் ஏறவில்லை என்பதற்கு முதலில் பள்ளம்தான் காரணம் என்று எழுதியிருந்தேன். ஆயாவின் கேள்வியை நினைத்த பிறகு இன்னொரு வரி சேர்த்தேன். ஏற்றத் தெரிந்தவர்கள் அந்த நாட்டில் எப்போதும் இருந்தார்கள், அரண்மனைக்குக் குடம் போய்க்கொண்டிருந்ததால் யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

*

இப்போது கதை அங்கேதான் நிற்கிறது. மண்டியா நண்பரின் பாத்திரம் ஒரு மந்திரவாதி. ஆற்றை மேலே தூக்கும் மந்திரம் தன்னிடம் இருக்கிறது என்கிறார். ஏற்றினால் என்ன ஆகும் என்று எழுதிக் கொடுக்க வேண்டியது என் வேலை. பூசாரிகள் எதிர்ப்பார்கள், அவர்கள் பல்லுக்கு இனி மதிப்பில்லை. கீழ்நாட்டிலிருந்து படை வரும். சுமந்தவர்களில் பாதிப்பேர் கொண்டாடுவார்கள், பாதிப்பேர் பிழைப்பு போனதே என்பார்கள். இதெல்லாம் எழுதிவிட்டேன். பண்டிகைதான் பாக்கி இருந்தது. வீட்டு வாசலுக்கே வந்துவிட்டவளைப் பார்க்க யார் முந்நூறு அடி இறங்குவார்கள்?

அக்கா மகளுக்குப் பத்து வயது. பல்லில் கறை இல்லை. போன ஆடிக்கு அவளும் இதையேதான் கேட்டாள், “கொழாய்லயே கும்பிட்டா ஆவாதா அம்மாயி?” அம்மா பதில் சொல்லவில்லை. ஒகேனக்கல் பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்திலும் மஞ்சளைக் குழைத்து வாசல் குழாய்க்குப் பூசி, குங்குமம் வைத்தது. பிறகு பையைத் தூக்கிக்கொண்டு, “நட, நட, கூட்டம் சேர்ந்துரும்” என்றது.

அதை அப்படியே மேட்டுநாட்டு விதிகளில் சேர்த்துவிட்டேன். வரும் சனிக்கிழமை மந்திரம். பகடையில் பதினைந்துக்கு மேல் விழ வேண்டும்.