இடுப்பு வலிக்காரர் கையில் சிலம்பக் கம்பு

யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் குனிந்தபடியே இடுப்பைத் திருப்பித் தூக்கினால் 45 கிலோவும் ஆபத்துதான். மன்னார்குடி பக்கத்து நெல் விவசாயி ஒருவருக்கு அப்படித்தான் ஜவ்வு விலகியது. வலி கால் வரை இறங்கியது. பதினைந்து வயதிலிருந்து சுற்றிய சிலம்பக் கம்பை வீட்டார் பரணில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு காணும் பொங்கல் அவர் இல்லாமலே நடந்தது.

டாக்டரோ கம்பைத் தொடாதே என்று சொல்லவில்லை. வலி ஏறாத அளவுக்குச் செய்யலாம் என்றார். முதலில் நடை, பிறகு கம்பில்லாமல் வெறும் காலடி. சிலம்பத்தில் வேகம் காலிலிருந்து வர வேண்டும். பாதம் திரும்பாமல் இடுப்பை மட்டும் முறுக்கினால் முதுகுதான் வாங்கிக் கட்டிக்கொள்ளும். (இளவட்டங்கள் பலர் செய்வது இதைத்தான்!)

விடிந்ததும் பயிற்சி என்ற பழக்கத்தையும் விட்டார். இரவு படுத்திருக்கையில் ஜவ்வு நீர் கோத்து உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவதும் முறுக்குவதும் ஆகாது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, வரப்பில் நடந்துவிட்டு வந்துதான் கம்பெடுக்கிறார். 16 லிட்டர் டேங்கைச் சுமந்து மருந்தடித்த நாளில் அதுவும் இல்லை.

கால் மரத்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ அன்றே ஆஸ்பத்திரி போக வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இந்தப் பொங்கலுக்கு ஒற்றைக் கம்பு சுற்றினார். பாய்ந்து அடிப்பதைப் பேத்தியிடம் விட்டுவிட்டார்.