உட்புறச் சாயம்

படிவம் மூன்றில் படித்தபோது, அப்பா மிகைநேர வேலைப் பணத்தில் என் ரிமோட் காருக்கு ஒளிபுகும் பிளாஸ்டிக் கூடு வாங்கித் தந்தார். பாலிகார்பனேட் சாயத்துக்குக் காசில்லை. ஹார்ட்வேர் கடைச் சாயத்தை அடித்தேன். முதல் மோதலிலேயே செதில் செதிலாக உதிர்ந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

அடுத்த கூட்டுக்கும் உரிய சாயத்துக்கும் ஆறு மாதம் சேமித்தேன். சவர்க்காரத்தால் கழுவி, உட்புறம்தான் பூச வேண்டும். அதனால் எல்லாமே தலைகீழ்: கரும் நிறம் முதலில், வெளிர் நிறம் கடைசியில். மறைப்பு நாடாவில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது, ஓரம் கசியும். எழுத்தும் கண்ணாடிப் பிம்பம்தான். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு எழுதிய கை, ‘அப்பா’வைத் திருப்பி எழுதத் திணறியது. துணைக்கால் இடப்பக்கம்!

காய்ந்தபின் வெளியிலிருந்து பார்த்தால் ‘அ’ சற்றுச் சாய்ந்திருந்தது. அப்பா அதைத்தான் முதலில் கண்டுபிடித்தார்.